வாகனத்துக்கு எண்ணெய் ஸ்நானம்

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் தமக்கு நடக்கிறதோ இல்லையோ, தமது மோட்டார் சைக்கிளுக்கு அதைச் சொந்தக் கையாலேயே செய்விப்பதென்று சங்கல்பம் செய்துகொண்ட மயிலாப்பூர் கிருஹஸ்தர், மெக்கானிக்கின் கூலியை மிச்சம் பிடிக்கும் பொருட்டு, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வரை ஆட்டோவில் போய், ஒரு லிட்டர் எண்ணெயும் புனலும் புது ஸ்பானர் செட்டும் வாங்கி வருகிறார். (கணக்குக் கேட்பது அநாகரிகம்.) எஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் அடிப்போல்ட்டைக் கழற்றுவது வரை யாவும் சாஸ்திரோக்தமாகவே நடந்து, கரிய எண்ணெய் முதலில் தாரையாகவும் பிறகு நூலாகவும் இறங்கி, வீட்டம்மாளின் பழைய மாவுப் பாத்திரத்தை நிறைக்கிறது.

அதற்கப்புறந்தான் தர்மசங்கடம். 2016-ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளில் பெயர் சொல்லி இடம்பெற்றுவிட்ட அந்தத் திரவியத்தைக் குப்பையில் கொட்டலாகாது; மழைநீர்க் கால்வாயில் விட்டாலோ அது பக்கிங்ஹாம் கால்வாயைப் போய்ச் சேரும், அங்கே இனியும் கறுப்பதற்கு இடமிருக்கிறதா என்பது வேறு விஷயம். ஆகவே, பாத்திரத்தைத் தினசரித் தாளால் மூடிக்கொண்டு, எந்த மெக்கானிக்கைத் தவிர்ப்பதற்காக இத்தனை பிரயாசையும் பட்டாரோ அவரிடமே போய், அவருடைய பீப்பாயில் ஊற்றிக்கொள்ளும்படி விக்ஞாபித்து நிற்கிறார். மெக்கானிக் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "போல்ட்டுக்கு வாஷர் மாத்தினீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்கிறார்.