கோபித்துக்கொண்டு போன ஆறு

கேள்வி: மிசிசிப்பியில் கப்பலேறி, அமெரிக்கத் தெற்கின் சின்னச் சின்ன ஊர்களைச் சுற்றுகிறார்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது?

பதில்: விக்ஸ்பர்க் ஒன்று போதுமே! உள்நாட்டுப் போரில் அந்த ஊரின் பீரங்கிகளுக்குத் தப்ப, கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பப் பார்த்தது வடக்குத் தரப்பு ஜெனரல் கிராண்டின் படை. மண்வெட்டி தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் 1863-இல் முற்றுகையிட்டுத்தான் ஊரைப் பிடித்தார். சண்டையெல்லாம் ஓய்ந்தபின், 1876-இல் மிசிசிப்பி தானாகவே வழி மாறி, ஊரை அம்போவென விட்டுப் போய்விட்டது! (ஆற்றுக்கு யார் உத்தரவு போடுவது?) அண்ணன் வர மறுத்தால் தம்பியையாவது அழைப்போமே என்று, துணை நதியான யாசூவைக் கால்வாய் வழியே 1903-இல் ஊர் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே, மிசிசிப்பி என்று நினைத்து நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் படித்துறையில் ஓடுவது யாசூ. இறங்கியதும் தாகமெடுத்தால் ஒரு கோகோ கோலா வாங்குங்கள்; அதை முதன்முதலாக பாட்டிலில் அடைத்தது அந்த ஊரில்தான், 1894-இல்.