பழி வராமல் பிராசஸர் செய்வது எப்படி?

பிராசஸர் வடிவமைக்கும் வேலை கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். சிப் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை மேலதிகாரி பார்த்துக்கொள்வார். தப்பு நடந்தால் அது யார் தலையில் விடியும் என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைத் தீர்மானிப்பது கன்ட்ரோல் யூனிட். ஒரு கட்டளை வந்ததும் எந்த ரெஜிஸ்டர் திறக்க வேண்டும், கூட்டல் சுற்று எப்போது இயங்க வேண்டும் என்று சமிக்ஞை அனுப்புவது அதுதான். அதைக் கட்ட இரண்டு வழி உண்டு. ஹார்ட்வயர்டு முறையில் அந்தச் சமிக்ஞைகளை லாஜிக் கேட்டுகளும் ஃபிளிப்-ஃபிளாப்புகளும் நேரடியாக உண்டாக்கும். மைக்ரோபுரோகிராம் முறையில் எந்தக் கட்டளைக்கு எந்தெந்தச் சமிக்ஞை, எந்த வரிசையில் என்பது உள்ளே ஒரு குட்டி நினைவகத்தில் எழுதியிருக்கும். மைக்ரோகோடு எனப்படும் அதை வரி வரியாகப் படித்து வேலை நடக்கும். இனி வழிமுறைகள்.

1. முதலில் ஹார்ட்வயர்டு கேளுங்கள். "வேகம் முக்கியம் சார்" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். அது உண்மையும்கூட. சிப்பும் சிறிதாக முடியும். 1975-ல் வந்த 6502 பிராசஸர், மைக்ரோகோடு இல்லாமல் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்களில் அடங்கி 25 டாலருக்கு விற்றது.

2. விட்டுப்போனதை வருங்கால வசதி ஆக்குங்கள். அதே 6502-ன் முதல் சிப்புகளில் பிட்டுகளை வலப்பக்கம் சுழற்றும் ஆர்.ஓ.ஆர். கட்டளை வேலை செய்யவில்லை. கம்பியில் இல்லாததைப் பிற்பாடு எழுதிச் சேர்க்க முடியாது. கையேடு என்ன சொன்னது? அந்தக் கட்டளை 1976 ஜூனுக்குப் பிறகு கிடைக்கும் என்றது. வருத்தம் தெரிவிக்காமல் தேதி தெரிவிக்கும் இந்தக் கலையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

3. கையேட்டில் இல்லாததற்கு நீங்கள் பொறுப்பில்லை. 6502-க்கு 256 குறியீடுகள் சாத்தியம், அறிவித்தது 151. மீதியைக் கொடுத்தாலும் சுற்று சும்மா இருக்காது. சில குறியீடுகள் சிப்பையே உறைய வைத்தன. சில உருப்படியான வேலை செய்தன. கேம் எழுதியவர்கள் கமுக்கமாக அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அடுத்த சிப்பில் அவர்கள் புரோகிராம் படுத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

4. சிலிக்கானில் தப்பு பதிந்துவிட்டால் நிகழ்தகவு பேசுங்கள். 1994-ல் பென்டியம் சிப்பின் வகுத்தல் அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி என்பது வெளியே வந்தது. கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி பிழையைக் கண்டுபிடித்தார். சாதாரணமாகக் கணக்குப் போடுகிறவருக்குத் தப்பான விடை 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் நேரும் என்றது இன்டெல். யாரும் அவ்வளவு நாள் காத்திருக்கத் தயாராக இல்லை. சிப்பை மாற்றிக் கொடுக்க இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

5. பயம் வந்துவிட்டதா? மைக்ரோகோடுக்குத் தாவுங்கள். 1951-ல் இந்த யோசனையைச் சொன்ன கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் விரும்பியது ஒழுங்கான, சரிபார்க்க எளிதான வடிவமைப்பு. 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசை இதில் ஒரு வியாபார வழியும் இருப்பதைக் காட்டியது: சின்ன மெஷினும் பெரிய மெஷினும் ஒரே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். மலிவான மாடலில் ஒவ்வொரு கட்டளையும் அரசு அலுவலகக் கோப்புபோல மேசை மேசையாக நகரும். ஆனால் கடைசியில் கையெழுத்தாகி வந்துவிடும். வேகம் தேவைப்பட்ட மாடல் 75 போன்றவற்றுக்கு ஐபிஎம் ஹார்ட்வயர்டையே வைத்துக்கொண்டது. கூட்டத்தில் இதை நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டாம்.

6. எழுதுவது சுலபம் என்பதால் எழுதிக்கொண்டே இருங்கள். டெக் நிறுவனத்தின் வாக்ஸ்-11/780 கணினியில் இன்டெக்ஸ் என்று ஒரு பெரிய கட்டளை இருந்தது. அதே வேலையைச் சாதாரணக் கட்டளைகள் சிலவற்றால் செய்தால் 45 சதவீதம் வேகமாக முடிகிறது என்று 1980-ல் ஆய்வாளர்கள் பேட்டர்சனும் டிட்செலும் எழுதினார்கள். ரிஸ்க் (RISC) பிராசஸர்கள் எளிய கட்டளைகளோடு ஹார்ட்வயர்டுக்குத் திரும்பியதற்கு இந்த மாதிரிக் கணக்குகளும் ஒரு காரணம். அதற்குள் நீங்கள் வேறு வேலைக்குப் போயிருப்பீர்கள்.

7. பிழைக்கு அப்டேட் என்று பெயர் வையுங்கள். 1995-ன் பென்டியம் புரோவிலிருந்து இன்டெல் சிப்புகளில் மைக்ரோகோடுத் திருத்தத்தை ஏற்றிக்கொள்ள வசதி உண்டு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் பாதுகாப்பு ஓட்டைக்காக வந்த திருத்தத்தால் சில கணினிகள் தாமாகவே ரீபூட் ஆயின. அதை ஏற்ற வேண்டாம் என்று இன்டெல்லே கேட்டுக்கொண்டது. திருத்த முடியும் என்ற வசதி இருந்தால், திருத்தத்தையும் திருத்தலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எது சிறந்தது என்று கேட்பார்கள். பரீட்சையில் கேட்டால் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் நிரப்புங்கள், மதிப்பெண் உண்டு. வேலையில் கேட்டால், "எந்தக் கட்டளை, எத்தனை முறை ஓடும்?" என்று திருப்பிக் கேளுங்கள். இன்றைய இன்டெல், ஏஎம்டி சிப்புகள் செய்திருப்பதும் அதுதான்: அடிக்கடி வரும் எளிய கட்டளைகள் நேரடிச் சுற்றில், எப்போதாவது வரும் சிக்கலானவை மைக்ரோகோடில். பழிக்குப் பயப்படாமல் யோசித்தவர்கள் வந்து சேர்ந்த இடம் இது. நீங்களும் நேராக இங்கிருந்தே தொடங்கலாம்.