முருகனின் ஏழாவது முகம்: பைத்தானின் கடைசிக் காற்புள்ளி குறித்து ஓர் ஆய்வு

நச்சினார்க்கினியர் உரை எழுதாமல் விட்டுப்போனவற்றுள் பைத்தான் மொழியின் கடைசிக் காற்புள்ளியும் ஒன்று. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் களம். ஒரே ஆள் செய்தால் நேரமாகும் வேலையை நாலைந்து பிராசஸ்களிடம் பங்கிட்டுக் கொடுக்க, 2008இல் பைத்தான் 2.6 பதிப்போடு 'மல்டிபிராசசிங்' வந்தது. புதிய பிராசஸிடம் இரண்டு சங்கதி சொல்ல வேண்டும்: எந்த ஃபங்ஷனை ஓட்டுவது என்பது 'டார்கெட்', அதன் கையில் எதைக் கொடுத்தனுப்புவது என்பது 'ஆர்க்ஸ்'. வில்லங்கம் இரண்டாவதில்.

என் ஃபங்ஷன் சாதுவானது. ஒரு பெயரை வாங்கி வணக்கம் சொல்லும், அவ்வளவே. ஆர்க்ஸுக்கு நேரே, அடைப்புக்குறிக்குள், 'முருகன்' என்று எழுதி ஓட்டினேன். ஒரு ஆர்க்யுமென்ட் வாங்கும் ஃபங்ஷனுக்கு ஏழு வந்திருக்கிறது என்று பிழை விழுந்தது.

ஆறு முகம் அறிவோம். ஏழாவது யாருடையது?

ஆர்க்ஸுக்கு வழக்கமாகக் கொடுப்பது டியூப்பிள் என்னும் பொருள்வரிசை. அடைப்புக்குறி போட்டால் டியூப்பிள் ஆகிவிடும் என்று நம்புவோர் அடைப்புக்குறிக் கட்சியினர். பைத்தானோ காற்புள்ளிக் கட்சி. ஒற்றைப் பொருளை டியூப்பிள் ஆக்குவது அதன் பின்னே நிற்கும் காற்புள்ளிதான். அது இல்லையேல் ஆர்க்ஸுக்குப் போவது வெறும் ஸ்ட்ரிங்; அதைப் பைத்தான் உதிரி உதிரியாகப் பிய்த்துப் பரிமாறிவிடும். நமக்கு எழுத்து நான்கு. யூனிகோட் கணக்கில் மகரம், அதன் உகரக் குறி, ரகரம், அதன் உகரக் குறி, ககரம், னகரம், கடைசியில் தலைமேல் புள்ளி: ஆக ஏழு. மெய்க்குப் புள்ளி இயல்பு என்றார் தொல்காப்பியர். யூனிகோட் அதற்குத் தனி இலை போடுகிறது. ஓலைச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. அவர்கள் வழியில் 'முருகன' என்று எழுதினால் கணக்கு சரியாக ஆறு! (இதை வைத்து ஆகமக் கட்டுரை எழுதும் எண்ணம் இல்லை.)

எதிர்ச்சான்றும் உண்டு. 'அ' என்று மட்டும் கொடுத்துச் சோதித்தால், காற்புள்ளி இல்லாமலே ஒழுங்காக ஓடும். ஓரெழுத்து ஒருவர். நான் அப்படிச் சோதித்துத்தான் ஏமாந்தேன். இரண்டு ஆர்க்யுமென்ட் கேட்கும் ஃபங்ஷனுக்கு 'கா' கொடுத்தால் இன்னும் மோசம்: ககரம் ஒரு கையில், கால் மறு கையில், பிழையே விழாது. எண்கள் நேர்மையானவை. 5 என்று கொடுத்தால், பிரிக்க முடியாது என்று பிராசஸ் பிறக்கும் முன்பே தகராறு செய்துவிடும். ஸ்ட்ரிங் விவகாரத்தில் பிள்ளை பிராசஸ் பிறந்து, அலறி, விழும்; தாய் பிராசஸ் கண்டுகொள்ளாமல் 'வேலை முடிந்தது' என்று அச்சிட்டுவிட்டுப் போகும்.

சதுர அடைப்புக்குறியில் லிஸ்டாகக் கொடுத்தால் காற்புள்ளியே வேண்டாமே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அதை ஏற்றால் இவ்வாய்வுக்கே வேலையில்லை என்பதால் மறுக்கிறோம்.

திருத்திய நிரலை நண்பர் ஒருவரிடம் காட்டினேன். "கடைசியில எதுக்குப்பா கமா, அச்சுப் பிழையா?" என்று அழித்துவிட்டுக் கொடுத்தார். ஏழு பேரும் திரும்ப வந்து நின்றார்கள்.