ஒரு சொம்பு வங்காள விரிகுடா

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தபோது, எங்கள் தெருவில் ராகு காலத்தைவிடத் தண்ணீர் லாரி வருகிற நேரத்துக்குத்தான் மரியாதை. லாரிக்காரரை நான் ‘சார்’ என்றேன். என் மனைவி ‘அண்ணா’ என்றாள். அண்ணாவிடமிருந்துதான் இரண்டு குடம் கூடுதலாக வந்தது.

அந்த அவமானத்தில்தான் எனக்கு உறைத்தது: கொட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போனால் ஒரு சமுத்திரமே இருக்கிறது. மொட்டை மாடியிலோ காலை வைக்க முடியாத வெயில். இரண்டுக்கும் பில் வராது. ஒன்றை மற்றொன்றில் காய வைத்தால் ஆயிற்று.

அன்றிரவு சாப்பாட்டின்போது சிலி நாட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அங்கே லாஸ் சலினாஸ் என்ற இடத்தில், வெடியுப்புச் சுரங்கத்துக்காக, சார்ல்ஸ் வில்சன் என்ற பொறியாளர் 1872-லேயே மரச்சட்டமும் கண்ணாடியும் போட்ட பெட்டிகளைப் பரப்பி, சூரியனை வைத்தே நாளுக்கு 20,000 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் எடுத்தார். தொழிலாளர்களும் குடித்தார்கள், கோவேறு கழுதைகளும் குடித்தன.

“கழுதைக்கெல்லாம் கிடைச்சிருக்கு. ரசம் விடட்டுமா?” என்றாள் மனைவி.

பழைய மேஜைக் கண்ணாடி ஒன்று பரணில் இருந்தது, நாலடிக்கு இரண்டடி. தச்சரைக் கூப்பிட்டு ஒரு பெட்டி. உள்ளே கருப்புப் பெயிண்ட் அடித்த தகரத் தட்டு. மேலே கண்ணாடி, அதன் கீழோரத்தில் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் குழாய், குழாய் முனையில் சொம்பு. வெயிலில் கடல்நீர் ஆவியாகி, கண்ணாடியின் அடிப்பக்கம் வியர்த்து, வழிந்து, குழாயில் விழுந்து சொம்புக்கு வர வேண்டும்; உப்பு தட்டிலேயே தங்கிவிடும். உப்பளத்தில் தண்ணீரைப் போகவிட்டு உப்பை அள்ளுகிறார்கள். நான் உப்பை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடிக்கிறேன், அவ்வளவுதான்.

ஸ்கூட்டரில் இரண்டு கேன்களோடு கடற்கரைக்குப் போய் இடுப்பளவு நனைந்து திரும்பியபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: “இன்னா சார், கடலை வூட்டுக்கு எடுத்துனு போறியா?” ஆமாம் என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம்தான் ஏதோ சொன்னார்.

முதல் நாள் சொம்பு காய்ந்து கிடந்தது. கண்ணாடிக்குச் சாய்வு போதாது. தச்சர் கேட்ட சாய்வைக் குறைத்தது நான்தான். காக்கா உட்கார்ந்தால் வழுக்குமே என்ற ஜீவகாருண்யம். துளிகள் வழியாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி விழுந்துகொண்டிருந்தன. பின்பக்கப் பலகையை உயர்த்தினோம். இரண்டாம் நாள் பேராசையில் தட்டு தளும்ப ஊற்றிவிட்டேன். அத்தனை தண்ணீர் சூடாவதற்குள் சூரியனுக்கு ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது. இரண்டு விரற்கடை ஆழம்தான் கணக்கு என்று புரிய ஒரு வாரம். அதற்குள் தகரம் துருப்பிடித்து, கடல் குங்குமக் கரைசலாகியிருந்தது.

எட்டாம் நாள் சொம்பு நிறைந்தது. ஒரு லிட்டர்! குடும்பத்தையே மாடிக்குக் கூப்பிட்டேன். தண்ணீர் சப்பென்று இருந்தது, கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் பசையின் புளித்த வாசனை வேறு. மகள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கால்குலேட்டரை எடுத்தாள். பொறியியல் படிக்க வைத்தது என் குற்றம்.

“அப்பா, தண்ணியை முப்பது டிகிரிலேர்ந்து கொதிநிலைக்குக் கொண்டுபோறது சுலபம். அதை ஆவியாக்கத்தான் அதைப் போல ஏழெட்டு மடங்கு வெப்பம் வேணும். இந்தக் கண்ணாடி அளவுக்கு, தலைகீழா நின்னாலும் நாளுக்கு ரெண்டு, ரெண்டரை லிட்டர்தான்.”

அதோடு விட்டிருக்கலாம். நெம்மேலியில் 2013-லிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கிற ஆலையில் கடலைக் காய்ச்சுவதே இல்லையாம். சவ்வு வழியே அழுத்திப் பிழிகிறார்களாம். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம். “இதே இடத்துல ஒரு சோலார் பேனல் வச்சா, அந்தக் கரண்டுல அங்க ஏறத்தாழ 200 லிட்டர் எடுக்கலாம்பா.”

நான் சொம்பைப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. தண்ணீர் அவ்வளவு சுத்தம்.

அந்தச் சுத்தத்துக்கு ஆதரவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்குக் காசு கொடுத்து வாங்கும் டிஸ்டில்ட் வாட்டர், கொள்கையளவில், இதுதான். கீழ்வீட்டு மாமா தன் பேட்டரிக்கும் ஒரு பாட்டில் கேட்டார். மனிதர் குடிக்க மறுத்ததை பேட்டரிகள் குடித்தன. ஆனால் ஒரு பேட்டரி மாசத்துக்கு எவ்வளவுதான் குடிக்கும்?

மறு வருஷக் கோடையில் மாடிக்குப் போனால் பெட்டிக்குள் கடல் இல்லை. தட்டை எடுத்துவிட்டு, வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் வரிசையாக ஜவ்வரிசி வடாம்.

“காக்கா கிட்டவே வரலைங்க. முன்னாடியே ஏன் பண்ணித் தரலை?” என்றாள் மனைவி.

வடாம் காயக் காய, உள்பக்கக் கண்ணாடி வியர்க்கிறது. வியர்த்தது வழிந்து குழாய்க்கு வருகிறது. நேற்று அரை டம்ளர். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.