ஓர் உழக்கு எத்தனை கிராம்? காரைக்கால் அடுக்களைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சிக்கல்: 1739 முதல் 1954 வரை, நடுவே சில இடைவெளிகள் தவிர, பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர் காரைக்கால். அதனால் இங்கே பல குடும்பங்களுக்கு ஒரு கால் பிரான்ஸில். அங்கிருந்து பேத்தி போனில் கேட்பாள்: "அம்மாச்சி, இட்லிக்கு அரிசி எத்தனை கிராம்?" "நாலு உழக்கும்மா." "உழக்குன்னா எத்தனை கிராம்?" "உழக்குன்னா உழக்குதான்." தர்க்கப்படி பிழையற்ற விடை, தராசுக்கு மட்டும் உதவாது.

முன்னோர் கருத்து: பாரிஸ் 1795-இல் இயற்றிய சட்டப்படி ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம். தண்ணீரை மட்டுமே சமைப்போருக்கு இதற்கு மேல் ஆய்வு வேண்டாம்.

நம் பழைய வாய்பாடு நெல்லை எண்ணித் தொடங்குகிறது. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு. ஆக, உழக்குக்கு 3,600 நெல். வெள்ளைப் பொன்னியில் ஆயிரம் நெல் ஏறத்தாழ 16 கிராம். ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகத்தில் 23 கிராம். அப்படியானால் உழக்கு முன்னதில் 58 கிராம், பின்னதில் 83. பட்டணம் படி என்ற பழைய அளவின் கால் பங்கான உழக்கோ 400 மில்லியை ஒட்டி வரும். அதில் 200 கிராமுக்கு மேல் நெல் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் பெயர் உழக்கே.

சோதனை: 200 மில்லி டம்ளர் ஒன்று. தண்ணீர் 200 கிராம், சர்க்கரையும் அரிசியும் சுமார் 170, மைதா சுமார் 110. டம்ளரைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் மைதா இறங்கி, இன்னும் ஒரு கரண்டிக்கு இடம் விடும். தலை தட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்பது தனி வழக்கு. களத்தில் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று எண்ணும் வழக்கமும் உண்டு. யாருக்கு லாபம் என்பதை அளக்கிற கை அறியும்.

எண்ணெய் இன்னும் நழுவும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 893. பாக்கெட்டில் வெப்பநிலையை ஏற்றிப் போட்டால் எடையைக் குறைக்கலாம் என்பதால், வெப்பநிலை போடாமல் சரியான எடையைப் போடும்படி 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொன்னது.

கண்டறிந்தவை: அரிசி நாலு, உளுந்து ஒன்று என்று ஒரே உழக்கால் அளந்தால் உழக்கின் அளவு கணக்கிலிருந்தே அடிபட்டுப் போகிறது. பேத்தி காபிக் கோப்பையால் அளந்தாலும் இட்லி இட்லியாகவே வரும். ஆனால் பிரெஞ்சுக்காரர்களின் கத்ர்-கார் கேக்குக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் சம எடை வேண்டும். அம்மாச்சி டம்ளருக்கு டம்ளர் போட்டால், மாவைவிடச் சர்க்கரை ஒன்றரை மடங்கு ஏறிவிடும்.

பரிந்துரை: உழக்கில் தண்ணீர் நிரப்பி நிறுத்து, அந்தக் கிராமை 0.85-ஆல் பெருக்கினால் அரிசியின் எடை கிடைக்கும். உழக்குக்கு உழக்கு வேறுபடும் என்பதால், விடையைப் பக்கத்து வீட்டுக்குக் கடன் தரலாகாது.

மேலாய்வுக்கு உரியது: 'எலுமிச்சை அளவு புளி'. நம் நாட்டு எலுமிச்சை சிறியது, பாரிஸ் கடையில் கிடைப்பது அதைவிடப் பெரியது. அங்கே கொதிக்கும் ரசத்தின் நிலை குறித்துத் தகவல் திரட்டப்பட வேண்டும்.