புதுப் பரண்

கணினியில் இடம் போதவில்லை என்று இன்னொரு எஸ்.எஸ்.டி. வாங்கிவந்தேன். சூயிங்கம் பட்டை அளவுதான்: 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். டப்பாவில் 1 டெராபைட் என்று கொட்டை எழுத்து. விண்டோஸ் எண்ணிப் பார்த்துவிட்டு 931 ஜி.பி. என்றது. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. சதுர அடிக் கணக்கில் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல.

எண்ணுவதற்கு முன் மாட்ட வேண்டுமே. செருகுவது ஒரு நிமிஷம்; அதைப் பிடித்துவைக்கும் ஸ்க்ரூ கடுகுக்கு அண்ணன். விரலிலிருந்து நழுவி கேபினெட்டுக்குள் ‘டிங்’ என்றது. டார்ச் அடித்து அரை மணி நேரம் தேடி, கடைசியில் பெட்டியையே கவிழ்த்துக் குலுக்கினேன். என்றோ தொலைத்த பழைய ஸ்க்ரூ இரண்டு விழுந்தன. அதில் ஒன்று பொருந்தியது.

ஆன் செய்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். மேனுவலில் பொடி எழுத்தில் இருந்தது: இந்த எம்.2 ஸ்லாட்டில் ஆள் இருந்தால் அந்த சாட்டா போர்ட் வேலை செய்யாது. ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் துண்டு போட்ட கதை. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினேன்.

இப்போது இடம் தாராளம். குட்மார்னிங் ரோஜாப்பூக்கள் ஒன்றுவிடாமல் குடியேறிக்கொண்டிருக்கின்றன.