வளைவுக்கு வந்த கூட்டம்

மாமனாருக்கு ஒரு சாய்ந்தாடும் நாற்காலி. ஆசாரி அண்ணன் எங்கள் வீட்டு முற்றத்திலேயே பட்டறை போட்டுவிட்டார். இருக்கை, முதுகுச் சட்டமெல்லாம் சத்தமில்லாமல் முடிந்தன. தரையில் ஆடும் அந்த இரண்டு வளைவுக் கால்கள்தான் குடும்பத்தையே வேலைக்கு இழுத்தன.

"ஒரே பலகையிலிருந்து வளைவாக அறுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"நார் குறுக்கே அறுபட்டுப் போயிடும் சார். பெரியவர் ரெண்டு ஆட்டம் ஆடலாம், மூணாவது தரையிலதான்."

ஆகவே தேக்கை 3 மி.மீ. கனத்தில் சீவி, எட்டுப் பட்டைகளைப் பசை தடவி அடுக்கி, வளைந்த அச்சில் வைத்து இறுக்குவது என்று முடிவாயிற்று. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்றுமுன் தின்னரால் துடைத்துவிட வேண்டும். தனிப் பட்டை சொன்னபடி வளையும். பசை காய்ந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முடியாமல் போனதும் எட்டும் சேர்ந்து அசைய மறுக்கும். எனக்கு என் மைத்துனர்கள் ஞாபகம் வந்தது.

பசை தடவியபின் பத்து நிமிடம்தான் அவகாசம். வெயிலடித்தால் அதுவும் இல்லை. ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியாரான மாமனார் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்.

"1859இல் வியன்னாவில் மைக்கேல் தோனெட் என்ன செய்தார் தெரியுமா? பீச் மரக் கம்புகளை நீராவியில் வேகவைத்தே வளைத்தார். 14ஆம் எண் நாற்காலி. ஆறே துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி!"

"அவருகிட்ட கிளாம்ப் எத்தனை இருந்துச்சுன்னு கேளுங்க சார்" என்றார் ஆசாரி அண்ணன், பல்லைக் கடித்துத் திருகிக்கொண்டே.

எங்களிடம் இருந்தவை பாதி வளைவிலேயே தீர்ந்துவிட்டன. பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, மைத்துனர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சுற்றினார்கள். அந்தக் குடும்பம் ஒரே திசையில் இழுத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் அவிழ்த்ததும் கால் லேசாக நிமிர்ந்தது. ஆசாரி அண்ணன் அசரவில்லை. அச்சையே கொஞ்சம் கூடுதல் வளைவாகத்தான் செய்திருந்தார். "நிமிரத்தான் பார்க்கும் சார். அதனால முதல்லயே ஒரு சுத்து அதிகமா குனிய வெச்சிடணும்." என் மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கைப்பிடிதான் கடைசி. அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார் ஆசாரி அண்ணன். கண்ணுக்குத் தப்பும் மேடு விரலுக்குத் தப்பாதாம். உடனே வீட்டார் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தடவினார்கள். ஆளுக்கொரு இடத்தில் மேடு அகப்பட்டது.

ஆசாரி அண்ணன் யாரையும் மறுக்கவில்லை. சொன்ன இடத்திலெல்லாம் பொறுமையாகத் தேய்த்துக் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்து, சொரசொரப்பில்லாத பக்கத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் சரியாயிருக்கு" என்றார் மாமனார்.